எட்டாம் வகுப்பில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்': பிள்ளையோடு சேர்ந்து படிக்க ஒரு வழிகாட்டி

பள்ளி தொடங்கி இரண்டு மாதம் ஆனபோது என் மகள் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டை ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. உள் அட்டையில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள்: பெயர், வருடம், புத்தகத்தின் நிலை. அவளுக்கு முன்னால் அதைப் படித்த பிள்ளைகளின் பெயர்கள் வெவ்வேறு பேனாக்களில் வரிசையாக இருந்தன. ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'.

"அம்மா, இதுல மோசமான வார்த்தைங்க வருமாம். நீங்க ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்" என்றாள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் படித்தவள். நாவல் என்றால் கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான் எங்கள் படிப்பு. அமெரிக்கப் பள்ளியில் ஒரு நாவலை ஆறு வாரம் எப்படிப் படிப்பார்கள், அதுவும் நிறவெறியைப் பற்றிய நாவலைப் பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, பிள்ளை இந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்காதீர்கள், கூடவே உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது அட்டிகஸ் என்ற நல்ல வக்கீலை மட்டும் பார்க்காமல், வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அந்தக் கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனையும் தேடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

கையெழுத்துப் போடும் முன்

ஃபார்மைக் கண்டு பயப்பட வேண்டாம். முதிர்ந்த விஷயங்கள் வரும் புத்தகம் என்றால் பல பள்ளிகள் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கின்றன. வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் வேறு புத்தகம் கொடுப்பார்கள். நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். மற்ற பிள்ளைகள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளை லைப்ரரியில் தனியாக உட்கார்ந்திருப்பதில் ஒரு பயனும் இல்லை.

இந்தப் புத்தகத்தைச் சுற்றி நடக்கும் சண்டை பழையது. 1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுன்டி பள்ளி வாரியம் இதை ஒழுக்கக்கேடான நூல் என்று தடை செய்தது. 2017-இல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி நகரில், இதன் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும், பெற்றோர் ஒப்புதலோடு படிக்கலாம் என்று மாற்றினார்கள். ஆக, உங்கள் கையில் இருக்கும் ஃபார்முக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆசிரியருக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வகுப்பில் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பீர்களா, வாசித்தால் இழிசொல் வரும் இடங்களில் என்ன செய்வீர்கள்? எந்த வாரம் எந்த அத்தியாயம்? இதோடு வேறு எந்த நூலையாவது சேர்த்துப் படிக்கிறீர்களா? கேள்வி கேட்டால் பிள்ளைமேல் கோபப்படுவார்களோ என்று நம் ஊர்ப் பழக்கத்தில் தயங்கினேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்று மாலையே விவரமாகப் பதில் வந்தது.

அப்புறம், உங்களுக்கென்று இன்னொரு பிரதி வேண்டும். ஒரே புத்தகத்தை இருவர் படித்தால் பத்தாம் அத்தியாயத்தோடு நீங்கள் நின்றுவிடுவீர்கள். பொது நூலகத்தில் கிடைக்கும். வேலைக்குப் போய்வரும் நேரத்தில் கேட்க வேண்டுமானால் சிஸ்ஸி ஸ்பேசெக் வாசித்த ஒலிநூல் இருக்கிறது. அவருடைய தெற்கத்தி உச்சரிப்பைக் கேட்டபிறகுதான் எனக்குப் பல உரையாடல்கள் புரிந்தன. எழுத்தில் படித்தபோது எழுத்துப்பிழை என்றே நினைத்திருந்தேன். 31 அத்தியாயங்கள், பதிப்பைப் பொறுத்து சுமார் 300 பக்கம். தினமும் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

ஒரு மாலை நேரத்து வரலாறு

முதல் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, பிள்ளையோடு சேர்ந்து சில ஆண்டுகளைக் குறியுங்கள். 1865: அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1896: பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் சரி என்று உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அது துணையாக நின்றது. 1933 முதல் 1935 வரை: நாவலின் கதை நடக்கும் காலம். பெரும் பொருளாதார வீழ்ச்சி, பருத்தி விலை விழுந்துவிட்டது, வக்கீலுக்குக் காசுக்குப் பதில் விறகும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 1954: பிரவுன் வழக்கில் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு. 1955: மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு கொலையாளிகளை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்தார். 1960: நாவல் வெளியானது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. 1964-இல் குடிமை உரிமைச் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம்.

இந்தக் கோட்டில் இரண்டு காலங்கள் இருப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். முப்பதுகளில் நடக்கும் கதையை, ஐம்பதுகளின் கொந்தளிப்புக்கு நடுவே ஒருவர் எழுதுகிறார். கதை சொல்லும் ஸ்கவுட்டும், அட்டிகஸின் மகள், அப்படித்தான். தொடக்கத்தில் ஆறு வயதுகூட நிரம்பாத சிறுமி. ஆனால் சொல்வது வளர்ந்தபின் திரும்பிப் பார்க்கும் பெண். இது பிடிபடாததால் 'ஆறு வயசுக் குழந்தை இப்படியா பேசும்' என்று என் மகள் முதல் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாலையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது ஸ்காட்ஸ்போரோ வழக்கு. 1931 மார்ச்சில் அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலை நிறுத்தி ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்தார்கள். சிலர் சிறுவர்கள். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், தங்களைப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள். சில வாரங்களுக்குள் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. சரியான வக்கீல்கூட இல்லை. 1932-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காகவே தண்டனையை ரத்து செய்தது. 1933-இல் அந்தப் பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னார். அதற்குப் பிறகும் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. 1935-இல் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. ஜூரியில் கறுப்பர்களையே சேர்க்காமல் வைத்திருந்தது தவறு என்று தீர்ப்பு வந்தது. அலபாமா அரசு கடைசியாக எஞ்சியவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது 2013-இல். அப்போது அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

நாவலின் வழக்கு இதன் நகல் இல்லை. ஆனால் குற்றம் சொன்ன பெண்ணே மறுத்தபிறகும் தண்டனை கிடைத்தது என்பது தெரிந்திருந்தால், இவ்வளவு ஆதாரம் இருந்தும் டாமை ஏன் விடவில்லை என்று பிள்ளை கேட்கும்போது உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

அந்தச் சொல்லைப் பற்றி

'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த இழிசொல் புத்தகம் நெடுகிலும் வருகிறது. பிள்ளையிடம் இதை நேராகப் பேசுங்கள். எழுத்தில் இருக்கிறது, கண்ணால் படிப்போம், வாயால் சொல்ல மாட்டோம். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். 'கதையில் இருப்பதைத்தானே சொன்னேன்' என்பது சமாதானம் ஆகாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கறுப்பினப் பிள்ளைக்கு அந்தச் சொல் கதையில் வரும் சொல் அல்ல, அவனுடைய தாத்தாவை அழைத்த சொல். பாட்டில் கேட்கிறோமே, நண்பர்கள் சொல்கிறார்களே என்று பிள்ளை கேட்கும். அவர்கள் தங்களுக்குள் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. நாம் படித்த காலத்துப் பாடப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் 'நீக்ரோ' என்றே இருந்தது. நாவலிலும் அந்தக் காலத்து மரியாதைச் சொல்லாக அதுவே வருகிறது. இப்போது அதைப் பேச்சில் பயன்படுத்தாதீர்கள். 'கலர்ட்' என்பதும் அப்படியே. பிளாக், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமானது நம் வீட்டுத் தமிழ். காரில் போகும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் கறுப்பின மக்களைப் பற்றி நாம் என்ன சொல் சொல்கிறோம், எந்தத் தொனியில் சொல்கிறோம்? பின் சீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது நன்றாகவே புரிகிறது. இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த வாரம் ஒன்றில், வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பக்கம் 'அவனுங்க' அதிகம், வேண்டாம் என்றார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசாமல் காபி ஊற்றினேன். அவர் போனபிறகு, "மிஸ் கேட்ஸ் மாதிரியே இருந்தது" என்றாள். 26-ஆம் அத்தியாயத்தில் வரும் பள்ளி ஆசிரியை மிஸ் கேட்ஸ். ஹிட்லர் யூதர்களுக்குச் செய்யும் கொடுமையை வகுப்பில் கண்டித்துப் பேசுவார். அவரே நீதிமன்றத்திலிருந்து வெளியே வரும்போது கறுப்பர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டியதுதான் என்று சொன்னதை ஸ்கவுட் கேட்டிருப்பாள். அன்று என் மகள் மிஸ் கேட்ஸ் என்றது அந்த உறவினரையா, வாய் திறக்காத என்னையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

முதல் பாகம்: 1 முதல் 11 வரை

முதல் பதினோரு அத்தியாயங்களில் வழக்கு தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்கவுட், அவளுடைய அண்ணன் ஜெம், கோடையில் வரும் தோழன் டில் மூவரும் பூ ராட்லி என்ற, வீட்டைவிட்டு வெளியே வராத மனிதரைப் பார்க்கத் துடிக்கிறார்கள். பல பிள்ளைகள் இங்கேயே சலித்துப்போகிறார்கள். 'எப்போ கோர்ட் வரும்' என்பார்கள். அப்போது ஒரு சின்ன வேலை கொடுங்கள். பார்க்காத ஒருவரைப் பற்றி ஊர் என்னென்ன கதை கட்டுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில், பூ உண்மையில் செய்தவற்றை எழுதட்டும்: மரப்பொந்தில் வைத்த பரிசுகள், தைத்து மடித்து வைத்த கால்சட்டை, குளிரில் ஸ்கவுட்டின் தோளில் போர்த்திய போர்வை. இரண்டாம் பாகத்தில் ஊர் டாமை என்ன செய்கிறது என்பது புரிய இந்தப் பட்டியல் வேண்டும்.

மூன்று இடங்களில் ஸ்டிக்கி நோட் ஒட்டச் சொல்லுங்கள். 3-ஆம் அத்தியாயத்தில், ஒருவரைப் புரிந்துகொள்ள அவர் தோலுக்குள் புகுந்து நடந்து பார்க்க வேண்டும் என்று அட்டிகஸ் சொல்லும் இடம். 10-ஆம் அத்தியாயத்தில், மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்பது ஏன் என்று அண்டைவீட்டு மிஸ் மாடி விளக்கும் இடம். அந்தப் பறவை யாருடைய தோட்டத்தையும் கெடுப்பதில்லை, பாட மட்டுமே செய்கிறது. 11-ஆம் அத்தியாயத்தில் மிஸஸ் டுபோஸ். இந்தக் கடைசி இடத்தில் என் மகளும் நானும் ஒத்துப்போகவில்லை. அட்டிகஸ் அந்தக் கிழவியை மிகத் துணிச்சலானவர் என்கிறார். மார்ஃபின் பழக்கத்தைச் சாவதற்குள் விட்டவர், உண்மைதான். ஆனால் குழந்தைகளிடம் அத்தனை வெறுப்பைக் கொட்டியவரும் அவரே. 'அவங்க பேசுனதை கால்பர்னியா கேட்டிருந்தா, துணிச்சல்னு சொல்வாங்களா?' என்று கேட்டாள். கால்பர்னியா ஸ்கவுட் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண். நல்ல கேள்வி. கட்டுரைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கு: 17 முதல் 21 வரை

இந்த ஐந்து அத்தியாயங்களையும் வார இறுதியில் ஒரே மூச்சில் படியுங்கள். அதற்குமுன் பலாத்காரம் என்றால் என்ன என்பது பிள்ளைக்குத் தெரியுமா என்று கேளுங்கள். எனக்கு வாய் எழவில்லை. தைரியம் கொடுத்ததே இந்தப் புத்தகம்தான். 14-ஆம் அத்தியாயத்தில் ஸ்கவுட் அப்பாவிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள். அட்டிகஸ் மழுப்பாமல், சட்டம் சொல்லும் விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்வார். நானும் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டாமின்மேல் குற்றம் சொன்ன மேயெல்லா பொய் சொன்னாள் என்பதால் இப்படிப் புகார் சொல்லும் பெண்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மகன் என்றாலும் மகள் என்றாலும்.

பிறகு ஒரு தாளில் நீதிமன்றத்தை வரையுங்கள். நீதிபதி, ஜூரி, சாட்சிக் கூண்டு, கீழே வெள்ளையர்கள், மேலே கறுப்பர்களுக்கான மாடம். ஜெம், ஸ்கவுட், டில் மூவரும் மாடத்தில் கறுப்பர்களின் தேவாலயப் போதகர் ரெவரெண்ட் சைக்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூரியில் பெண்களும் இல்லை. அலபாமாவில் 1966 வரை பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது.

ஆதாரம் எளிமையானது. மேயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் அடி. எதிரே நின்று அடித்திருந்தால், அடித்தவர் இடது கையால்தான் அடித்திருக்க வேண்டும். மேயெல்லாவின் அப்பா பாப் யூவெல் இடது கைக்காரர் என்பதை, பெயரை எழுதிக் காட்டச் சொல்லி அட்டிகஸ் எல்லாரும் பார்க்க நிரூபிக்கிறார். டாமின் இடது கை சிறுவயதில் பருத்தி இயந்திரத்தில் சிக்கி உதவாமல் போனது. பிள்ளையை எழுந்து நிற்கவைத்து நடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மருத்துவரை ஏன் யாரும் அழைக்கவில்லை என்பதையும் கேளுங்கள்.

ஆனால் இந்த விசாரணையில் நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் படித்த இடம் வேறு. ஏன் அந்தப் பெண்ணுக்குக் காசு வாங்காமல் வேலை செய்துகொடுத்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் கேட்கிறார். பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல்லில் கூடமே மாறிப்போகிறது. டாமின்மேல் இருந்தது பலாத்காரக் குற்றச்சாட்டு. ஆனால் ஊருக்குப் பொறுக்காதது, ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பரிதாபம் மேலிருந்து கீழேதான் போக வேண்டும் என்பது அவர்கள் எழுதாமல் வைத்திருக்கும் விதி. கில்மர் டாமை 'பாய்' என்று கூப்பிடும் விதத்தைத் தாங்காமல் டில் அடக்க முடியாமல் அழ, ஸ்கவுட் அவனை வெளியே கூட்டிப்போகிறாள். டாம் மனைவியும் பிள்ளைகளும் உள்ளவன். வளர்ந்த ஆளை வயது பாராமல் 'டேய்' என்று கூப்பிடுவதன் வலியைத் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் நிறுத்தாதீர்கள். 24-ஆம் அத்தியாயத்தில், சிறைப் பண்ணையிலிருந்து தப்ப முயன்றதாக டாம் சுடப்படுகிறான். உடலில் 17 குண்டுகள். அந்தச் செய்தி ஒரு தேநீர் விருந்துக்கு நடுவில் வருகிறது. அட்டிகஸ் சமையலறையில் சொல்லிவிட்டுப் போகிறார், பெண்கள் மறுபடி குக்கி பரிமாறுகிறார்கள். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

யார் பேசவில்லை?

இதைத்தான் நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்துவேன். பல வகுப்புகளில் அட்டிகஸை ஒரு வீரராகக் கொண்டாடி முடித்துவிடுகிறார்கள். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் உருகினேன். பிறகு என் மகளுடைய ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார்: டாம் ராபின்சனைப் பற்றி நமக்கு என்னென்ன தெரியும், எழுதுங்கள். வயது 25. மனைவி ஹெலன், மூன்று குழந்தைகள். கை. வேலை. அரைப் பக்கம்கூட வரவில்லை. சாவதற்கு முந்தைய இரவில் அவன் என்ன நினைத்தான்? ஹெலன் அன்று பிள்ளைகளை எப்படித் தூங்கவைத்தாள்? புத்தகத்தில் இல்லை. ஏனென்றால் கதை ஸ்கவுட்டின் கண்வழி வருகிறது. ஸ்கவுட் அந்த வீட்டுக்குள் போனதில்லை.

கால்பர்னியாவும் அப்படியே. அட்டிகஸ் ஃபின்ச் வீட்டில் சமைத்து, தாயில்லாப் பிள்ளைகளை வளர்ப்பவர். 12-ஆம் அத்தியாயத்தில் அவர்களைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும்போதுதான், அவருக்கென்று ஒரு வாழ்க்கையும் வேறொரு பேச்சுமொழியும் இருப்பது ஸ்கவுட்டுக்குத் தெரியவருகிறது. பள்ளியில் ஒரு ஆங்கிலம், வீட்டில் ஒரு தமிழ் என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்த இடம் சட்டென்று ஒட்டும். என் மகளுக்குப் புத்தகத்திலேயே பிடித்த அத்தியாயம் இதுதான்.

ஆகவே இதோடு நிறுத்தாமல் மில்ட்ரெட் டெய்லர் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை' நாவலையும் எடுத்துவாருங்கள். 1976-இல் வந்தது, அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. அதே முப்பதுகள், பக்கத்து மாநிலமான மிசிசிப்பி. ஆனால் கதை சொல்பவள் கேஸி லோகன் என்ற கறுப்பினச் சிறுமி. முதல் அத்தியாயத்தில் பள்ளியில் புத்தகம் கொடுக்கிறார்கள். கேஸியின் கடைசித் தம்பி உள் அட்டையில் இருக்கும் கட்டத்தைப் படிக்கிறான். முதலில் புதிய புத்தகமாக ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு நிலை மோசமாகி, மிக மோசம் என்று ஆனபின் அவன் கைக்கு வந்திருக்கிறது. இனம் என்ற கட்டத்தில் அவனை இழிவாகக் குறிக்கும் சொல். ஆறு வயதுப் பையன் அந்தப் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அம்மா பிறகு அந்தக் கட்டத்தின்மேல் தாளை வெட்டி ஒட்டுகிறார். இந்த ஒரு காட்சியை மட்டும் படித்தால்கூடப் போதும். மாக்கிங்பேர்ட் காட்டாத வீட்டின் கதவு திறந்துவிடும்.

'நாம எந்தப் பக்கம்?'

இந்தக் கேள்வி வரும், தயாராக இருங்கள். நாவலில் கறுப்பரும் வெள்ளையரும் இருக்கிறார்கள், நம்மைப் போன்றவர்கள் இல்லை. நான் இரண்டு பதில் சொன்னேன்.

ஒன்று, நாம் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-இல் கதவு கொஞ்சம் திறந்தது, ஆண்டுக்கு 100 பேர். நம்மைப் போன்றவர்கள் பெருமளவில் வரக் காரணம் 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை சென்று மாற்றிய காலத்தில்தான் அந்தக் கதவும் திறந்தது.

இன்னொன்று சாதி. பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு யோசித்துப் பார்த்து ஆம் என்று ஒப்புக்கொண்டேன் என்று 1965-இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். நிறமும் சாதியும் ஒன்றில்லை. ஆனால் எந்த வாசலால் வருவது, எந்தப் பாத்திரத்தில் குடிப்பது, யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்ற விதிகள் நாவல் நடக்கும் மேகோம்பிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு.

என் மகள் என் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் கேட்டாள், "பாட்டி, நம்ம வீட்ல வேலை செஞ்சவங்க எந்த டம்ளர்ல காபி குடிச்சாங்க?" அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "டம்ளர் கிடையாதுட்டி. பின்வாசல்ல வச்சு சிரட்டையில ஊத்துவோம். அப்ப அது தப்புன்னு தெரியல" என்றார். எனக்கும் நினைவிருக்கிறது. ஊற்றியவர்களில் நானும் உண்டு, எட்டு வயதில். உங்கள் குடும்பம் அந்தச் சிரட்டையில் குடித்த குடும்பமாகவும் இருக்கலாம். அப்போது பிள்ளையிடம் சொல்ல வேண்டிய கதை வேறு, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. வகுப்பில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கட்டுரை எழுதும்போது

கதையைத் திருப்பிச் சொன்னால் இங்கே மதிப்பெண் கிடைக்காது. ஒரு வாதம் வேண்டும், அதற்குப் பக்க எண்ணோடு மேற்கோள், மேற்கோள் அந்த வாதத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம். 'டாம் ராபின்சன் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டான்' என்பது வாதம் இல்லை, அதை மறுப்பார் யாரும் இல்லை. இப்படி எழுதலாம்: அட்டிகஸை வேண்டுமென்றே நியமித்த நீதிபதி டெய்லர், சிறை வாசலில் மனம் மாறிய கனிங்ஹாம், ஹெலனுக்கு வேலை கொடுத்த லிங்க் டீஸ் என்று மேகோம்பில் நல்லவர்கள் பலர் இருந்தும் டாம் சாகிறான், ஆகவே ஊரின் நோய் கெட்ட மனிதர்களைவிட அதன் விதிகளில் இருக்கிறது. இதை ஒருவர் மறுக்க முடியும். அதனால்தான் இது வாதம்.

நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தை வைத்து எழுதினால் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும், பள்ளி அதைத் திருட்டாகவே பார்க்கும். வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கும் நாளுக்கும் மதிப்பெண் உண்டு. கூச்சப்படும் பிள்ளையாக இருந்தால் முந்தைய இரவு இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துப் போகட்டும். பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது சுலபம், மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

1962-இல் வந்த படத்தைக் கட்டுரை கொடுத்தபிறகு பாருங்கள். படத்தில் மட்டும் வருவதைப் பிள்ளை புத்தகத்தில் இருப்பதாக எழுதிவிடும்.

புத்தகம் முடிந்தபிறகு

ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்தது அலபாமாவில் மன்றோவில் (Monroeville) என்ற ஊரில். மேகோம்ப் அதன் சாயல்தான். பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். அந்த ஊர்ப் பகுதியைச் சேர்ந்த வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத் தொழிலாளியை, வெள்ளைப் பெண் ஒருவரைக் கொன்றதாக 1987-இல் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் மீன் பொரித்து விற்கும் கூட்டத்தில் இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். ஜூரி ஆயுள் தண்டனை சொன்னது, நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993-இல் அவரை வெளியே கொண்டுவந்தார். 'இதெல்லாம் அந்தக் காலம்' என்று பிள்ளை புத்தகத்தை மூடினால், இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஸ்டிக்கி நோட்டில் எழுதியதையெல்லாம் ஒரு நோட்டில் எடுத்தெழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இதே நாவல் மறுபடி வர வாய்ப்பு உண்டு. மடங்கிய பக்கங்களை நிமிர்த்தி, அட்டையைத் துடைத்துக் கொடுங்கள்.

என் மகள் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு உள் அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கு முன்னால் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு கடைசி வரியில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதி, நிலை என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"நல்லாத்தானே இருக்கு, இல்லம்மா?" என்றாள்.

முதுகுப்பக்கம் கிழிந்திருந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுத்தேன். 'குட்' என்று எழுதிப் பைக்குள் வைத்தாள்.